எல்லோரும் கட்டினால் கட்டுப்பணம் குறையுமா?

வாசகர் கேள்வி: உப்புவெளி, நிலாவெளிப் பகுதியில் விடுதி வேலையாட்கள், படகுக்காரர், ஆட்டோ ஓட்டுநர்கள் சேர்ந்த நலன்புரிச் சங்கம் எங்களுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் 200 பேருக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி எடுத்தோம். ஆளுக்கு 13,750 ரூபாய் வந்தது. போன வருஷம் 150 பேர்தான் கட்டினார்கள், கட்டுப்பணம் 17,500 ஆகிவிட்டது. வாற ஜனவரிப் புதுப்பிப்புக்கு 80 பேர்தான் பெயர் தந்திருக்கிறார்கள், கம்பனி 29,000 கேட்கிறது. "வருத்தமே இல்லாத நாங்கள் ஏன் கட்ட வேணும்?" என்று பெடியள் கேட்கிறார்கள். "எல்லாருக்கும் கட்டாயமாக்கு" என்று வயது போனவர்கள் நிற்கிறார்கள். சங்கத்தில் பாதிப்பேர் 35 வயதுக்குக் கீழ், 40 பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வாகனக் காப்புறுதி மாதிரி அரசாங்கமே மருத்துவக் காப்புறுதியை நாடு முழுவதும் கட்டாயமாக்கினால் இந்தத் தலையிடி தீராதா? இன்னொன்று: என் மனைவி ஆசிரியை, அவவுக்கு அக்ரஹார (அரச ஊழியர்களுக்கான மருத்துவக் காப்புறுதி) இருக்கிறது. எனக்குச் சங்கப் பொலிசியும் தேவையா? — சங்கச் செயலாளர், திருகோணமலை

செயலாளர் அவர்களுக்கு,

சங்கத்துக்குள் கட்டாயம் தேவை. நாடு முழுவதற்கும் இப்போதைக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு பதில் என்பதை விளக்குவதற்கு முன், உங்கள் கட்டுப்பணம் எப்படி 29,000 ஆனது என்பதைப் பிரித்துப் பார்ப்போம். இதைத் தெரியாமல் பொதுக்கூட்டத்துக்குப் போனால் கம்பனியைத் திட்டுவதிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுகிறேன். வயதுவாரிச் செலவு நான் உதாரணத்துக்கு எடுத்தது, ஆட்தொகை உங்களுடையது. 35 வயதுக்குக் கீழ் 100 பேர், ஒருவருக்கு வருஷத்துக்குச் சராசரி 4,000 ரூபாய் கிளெய்ம். 35 தொடக்கம் 50 வரை 60 பேர், ஆளுக்கு 10,000. ஐம்பதுக்கு மேல் 40 பேர், ஆளுக்கு 30,000. மொத்தம் 22 இலட்சம், ஆளுக்கு 11,000. வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கம்பனி 20 ரூபாயை நிர்வாகத்துக்கும் முகவர் தரகுக்கும் இலாபத்துக்கும் ஒதுக்குகிறது என்று வைத்தால், 11,000-ஐ 0.8-ஆல் பிரிக்க வேண்டும். 13,750 வருகிறது. உங்கள் முதல் வருஷக் கட்டணம் அதுதான்.

அடுத்த வருஷம் இளையவர்களில் 50 பேர் விலகினார்கள் என்று வையுங்கள். கிளெய்ம் தொகை 22 இலட்சத்திலிருந்து 20 இலட்சத்துக்குத்தான் இறங்கும், ஆட்களோ கால்வாசி குறைந்துவிட்டார்கள். கட்டணம் 16,667 ஆகிறது. அதைப் பார்த்து மிச்ச 50 இளையவர்களும், நடுவயதில் 20 பேரும் விலகினால் 80 பேர் மிஞ்சுவார்கள். அவர்களுடைய கிளெய்ம் 16 இலட்சம், கட்டணம் 25,000. அடுத்த சுற்றில் நடுவயது 40 பேரும் போய்விட்டால், ஐம்பது தாண்டிய 40 பேர் ஆளுக்கு 37,500 கட்ட வேண்டி வரும். இவ்வளவுக்கும் ஒருவருக்கும் வருத்தம் கூடவில்லை, ஓர் ஆஸ்பத்திரியும் விலையை ஏற்றவில்லை. ஆட்கள் கலைந்ததற்கு மட்டும் இந்த விலை.

கம்பனி உங்களிடம் கேட்பது 29,000. கணக்கில் வருவது 25,000. மிச்ச 4,000, அதாவது 16 வீதம், மருந்து, பரிசோதனை, அறைக் கட்டணம் ஏறியதாலாக இருக்கலாம், அல்லது போன வருஷம் ஒரு பெரிய கிளெய்ம் விழுந்திருக்கலாம். எது என்று ஊகிக்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்குமான கிளெய்ம் விபரம், வயதுப் பிரிவு வாரியாக: எத்தனை கிளெய்ம், எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு நிலுவையில், ஆகப் பெரிய மூன்று கிளெய்ம்களின் தொகை. ஆட்களின் பெயரோ வருத்தத்தின் பெயரோ தேவையில்லை. இந்தத் தாள் கையில் இல்லாமல் வேறு கம்பனியிடம் விலை கேட்டால், அவர்கள் பயத்தில் கூட்டித்தான் சொல்வார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த ஒரு சொல்: ஜனவரி. நிலாவெளியில் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர். ஜனவரியில் மாரி, கடல் கொந்தளிப்பு. புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கும், விடுதியில் பாதி அறை பூட்டு, ஆட்டோவுக்குச் சவாரி இல்லை. அந்த மாதத்தில் ஒரு படகுப் பெடியனிடம் 17,500 ரூபாயை மொத்தமாகக் கேட்டால் "எனக்கு வருத்தமில்லை" என்றுதான் சொல்வான். கையில் காசில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. விலகிய 120 பேரில் ஒரு பகுதியினர் கணக்குப் பார்த்து விலகவில்லை, மாதம் பார்த்து விலகினார்கள் என்பது என் எண்ணம். அப்படியென்றால் கட்டாயச் சட்டம் போடுவதற்கு முன், மாதத்தை மாற்ற வேண்டும்.

அதற்கு வழி உண்டு. பொலிசி ஆண்டை ஒக்டோபர் 1 தொடக்கம் அடுத்த செப்டெம்பர் 30 வரை என்று வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஐந்து மாதம் சங்கம் தவணையாகச் சேர்த்து, செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஆண்டுக் கட்டுப்பணத்தை ஒரே தடவையில் கட்டிவிடலாம். ஒரே தடவையில் கட்டினால் தவணைக்கு மேலதிகமாக ஏற்றும் தொகையும் மிச்சம். மாரியில் யாரும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, பாதுகாப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இடைப்பட்ட ஜனவரி தொடக்கம் செப்டெம்பர் வரைக்கு ஒன்பது மாதக் குறுங்காலப் பொலிசி கேளுங்கள். மாறும்போது ஒரு வரியை மறக்காமல் எழுத்தில் வாங்க வேண்டும்: ஏற்கனவே முடித்த காத்திருப்புக் காலம் புதிய பொலிசியிலும் செல்லும் என்று. அது இல்லாவிட்டால் முதல் 30 நாளுக்கு எந்த வருத்தத்துக்கும் காசில்லை, ஹேர்னியா, கட்டரக்ட் போன்றவற்றுக்கு ஒரு வருஷம் பொறுக்க வேண்டும் என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கட்டாயம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

வருத்தம் வந்த பிறகும் சேரலாம், எல்லோருக்கும் ஒரே விலை என்று ஒரு திட்டம் சொன்னால், சுகமாக இருப்பவன் வெளியே நின்று காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 1993-இல் இதைத்தான் செய்தது. யாரையும் நிராகரிக்கக் கூடாது, வயதுக்கோ நோய்க்கோ விலை கூட்டக் கூடாது என்று சட்டம், ஆனால் எல்லோரும் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. தனிநபர் பொலிசி வாங்கியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போனார்கள், விலை நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றானது. 2014-இல் கட்டாயமும் அரசு மானியமும் சேர்ந்து வந்தபோது அந்தக் கட்டணம் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. உங்கள் சங்கம் இரண்டு வருஷத்தில் கண்டதை அவர்கள் இருபது வருஷம் இழுத்துக் கண்டார்கள்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அந்தக் கட்டாயத்துக்கான தண்டப்பணத்தை அமெரிக்கா 2019 முதல் பூச்சியமாக்கியது. சந்தை இடிந்து விழும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், விழவில்லை. வருமானத்தில் குறிப்பிட்ட வீதத்துக்கு மேல் போகும் கட்டணத்தைப் பெரும்பாலானவர்களுக்கு அரசு பொறுப்பேற்றதுதான் காரணம். தண்டத்துக்குப் பயந்து சேர்ந்தவர்களை விட, கட்டக்கூடிய விலை என்பதால் சேர்ந்தவர்கள் அதிகம். இந்தப் பாடம் உங்கள் சங்கத்துக்கு அப்படியே பொருந்தும்: தீர்மானம் நிறைவேற்றுவதை விட, இளையவன் கட்டக்கூடிய விலையைப் போடுவது முக்கியம்.

கட்டாயத்தால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. சுவிற்சர்லாந்தில் 1996 முதல் மருத்துவக் காப்புறுதி இல்லாமல் யாரும் வாழ முடியாது, அவ்வளவு இறுக்கம். 2024-இல் அங்கே சராசரிக் கட்டணம் 8.7 வீதம் ஏறியது. ஆட்கள் கலைவதால் வரும் விலையேற்றத்தைக் கட்டாயம் நிறுத்தும். ஆஸ்பத்திரிச் செலவு கூடுவதால் வரும் விலையேற்றத்தை அது தொடவும் மாட்டாது. உங்கள் 29,000-இல் முதல் வகையைத்தான் தீர்மானத்தால் குறைக்கலாம், அந்த 16 வீதத்தை அல்ல.

அரசாங்கமே கட்டாயமாக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வாகனக் காப்புறுதியை உதாரணம் காட்டுவது பொருந்தாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாக இருப்பது உங்கள் வாகனம் மோதி அடிபடும் மற்றவனுக்காக. வாகனம் வேண்டாம் என்றால் கட்டவும் வேண்டாம். உடம்பு வேண்டாம் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் கட்டாய மருத்துவக் காப்புறுதி ஒன்று ஏற்கனவே நடக்கிறது, அதற்கு வேறு பெயர். கந்தளாயிலோ மூதூரிலோ கிண்ணியாவிலோ அரச வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் நோயாளியிடம் யாரும் பொலிசி இலக்கம் கேட்பதில்லை. அந்தச் செலவு வற் வரியிலிருந்தும் மற்ற வரிகளிலிருந்தும் போகிறது. கடையில் சவர்க்காரம் வாங்கும் படகுப் பெடியனும் அதைக் கட்டுகிறான், யாரும் விலகி ஓட முடியாது, வருத்தக்காரனுக்கு விலை கூடுவதும் இல்லை. ஆட்கள் கலையும் பிரச்சினையை இந்த நாடு வரியால் தீர்த்துவிட்டது. அங்கே குறை இருப்பது சிகிச்சைக்குத் திகதி பிந்துவதிலும், சில மருந்தை வெளியே வாங்கச் சொல்வதிலும்தான். தனியார் பொலிசியைக் கட்டாயமாக்கினால் அந்தக் குறை தீராது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இங்கே தனியார் கம்பனிக்கு ஆளை நிராகரிக்க உரிமை உண்டு, சீனி வருத்தக்காரனுக்கு விலை கூட்ட உரிமை உண்டு, 60 அல்லது 65 வயதுக்குப் பிறகு புதிதாகச் சேர்க்க மறுக்கவும் உரிமை உண்டு. இந்த உரிமைகளை விட்டுவைத்துக்கொண்டு மக்களை மட்டும் கட்டாயப்படுத்தினால், கம்பனிகளுக்கு வாடிக்கையாளர் கிடைப்பார்கள், வருத்தக்காரர் பழையபடி வாசலில் நிற்பார்கள். கட்டாயம் என்பது யாரையும் நிராகரிக்காத கடமைக்கு ஈடாகக் கம்பனிக்குக் கொடுப்பது. அந்தக் கடமை இல்லாத இடத்தில் அதற்கு நியாயமில்லை. அதோடு சேகரிப்பு. இலங்கையில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். உங்கள் அங்கத்தவர்களையே எடுங்கள், யார் சம்பளத்திலிருந்து யார் கழிப்பது?

சரி, சங்கத்துக்குள் எப்படிச் செய்வது.

உங்களுக்குச் சாதகமான ஒன்று: கூட்டுப் பொலிசியில் கம்பனி பொதுவாக ஆளுக்கு ஆள் மருத்துவப் பரிசோதனை கேட்காது, எல்லோரையும் ஏற்கும். அதற்குப் பதிலாகத் தகுதியானவர்களில் 75 வீதம் சேர வேண்டும் என்று பல கம்பனிகள் நிபந்தனை வைக்கும். நீங்கள் இப்போது நிற்பது 40 வீதத்தில். வருத்தக்காரர் மட்டும் சேர்ந்திருக்கிறார்கள் என்று கம்பனி நினைப்பதில் பிழையில்லை. 75-ஐத் தாண்டினால் முதலில் பேரம் பேச வேண்டியது விலையை அல்ல, ஏற்கனவே உள்ள வருத்தங்களுக்கும் முதல் நாளிலிருந்தே பணம் என்ற நிபந்தனையை. தனிப் பொலிசியில் கிடைக்கவே கிடைக்காத சலுகை அது. விலையை அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

எல்லோரிடமும் ஒரே தொகை வாங்குவதை நிறுத்துங்கள். கம்பனிக்கு நீங்கள் கட்டுவது மொத்தத் தொகை, அதை உள்ளே எப்படிப் பகிர்வது என்பது சங்கத்தின் விருப்பம். முதல் வருஷக் கணக்கில் மொத்தம் 27.5 இலட்சம். 35-க்குக் கீழ் 10,000, நடுவயதுக்கு 14,500, ஐம்பதுக்கு மேல் 22,000 என்று வாங்கினால் அதே 27.5 இலட்சம் சேரும். இன்றைய விலைக்கு 16 வீதம் கூட்டினால் 11,600, 16,820, 25,520. இளையவன் சீசனின் ஐந்து மாதமும் மாதம் 2,320 கட்டினால் போதும், முதல் வருஷம் கட்டியதை விடக் குறைவு. ஐம்பது தாண்டியவர் இப்போது கேட்கப்படும் 29,000-ஐ விடக் குறைவாகக் கட்டுகிறார். அவருடைய உண்மையான செலவு 37,500-க்கு மேல் என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள், "எங்களுக்கு ஏன் கூட?" என்ற கேள்வி அப்போது அடங்கும். இளையவர்களின் முறைப்பாட்டுக்கும் பதில் இருக்கிறது. அவர்களுடைய சொந்தச் செலவுக்கு ஏறக்குறைய 5,800 போதும், 11,600 வாங்குகிறோம் என்பது உண்மைதான். மிச்சம் அவர்கள் தங்கள் ஐம்பதாவது வயதுக்குக் கட்டும் சீட்டு. சீட்டில் எல்லோரும் கடைசிவரை நின்றால்தான் கடைசியாக எடுப்பவனுக்குக் காசு.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் தீர்மானம். யாப்பில் சேர்க்க வேண்டிய வாசகங்களைச் சொல்கிறேன். 18 முதல் 60 வயது வரையான ஒவ்வொரு அங்கத்தவரும் சேர வேண்டும். புதிய அங்கத்தவர் 30 நாளுக்குள் சேர வேண்டும், மற்றவர்கள் சேர்வதற்கான காலம் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதம் மட்டும். இடையில் சேர விரும்புபவர் அடுத்த ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும். இந்த ஒரு வரிதான் ஈ.சி.ஜி.யில் கோளாறு என்று தெரிந்த மறுநாள் சங்கத்துக்கு ஓடி வருவதைத் தடுக்கும். சேர்ந்தவர் குறைந்தது இரண்டு பொலிசி ஆண்டு நிற்க வேண்டும். வேறு காப்புறுதி உள்ளவருக்கு விலக்கு, ஆனால் அதன் பிரதியை வருஷா வருஷம் தர வேண்டும். விலக்குப் பெற்றவர்களைக் கழித்துவிட்டு 75 வீதத்தைக் கணக்கிடும்படி கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கட்டாயம் என்று சொன்னாலும் சங்கத்திடம் பொலிஸ் இல்லை. மறுப்பவருக்குச் சங்கக் கடன், பண்டிகை முற்பணம் போன்ற மற்ற நன்மைகளை நிறுத்தலாம், அதற்கு மேல் போக முடியாது. விடுதி முதலாளியிடம் சொல்லிச் சம்பளத்தில் கழிப்பதானால் ஒவ்வொருவரின் எழுத்து மூலச் சம்மதமும் தேவை. வாய்ச் சம்மதத்தில் கழித்துவிட்டுப் பிறகு தொழில் திணைக்களத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

கட்டாயம் என்ற சொல்லே கூட்டத்தில் எடுபடாது போலிருந்தால் அவுஸ்திரேலியாவைப் பின்பற்றலாம். அங்கேயும் நம்மைப் போல அரச மருத்துவம் எல்லோருக்கும் உண்டு, தனியார் காப்புறுதி அதற்கு மேல். 2000-ஆம் ஆண்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள்: 30 வயதுக்குப் பிறகு சேராமல் பிந்தும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணத்தில் 2 வீதம் கூடும், உச்சம் 70 வீதம். பத்து வருஷம் இடைவிடாமல் கட்டினால் அந்த மேலதிகம் நீங்கிவிடும். இளையவர்களைக் கட்டாயப்படுத்தாமலே உள்ளே இழுத்த விதி அது. சங்க அளவில் 2 வீதம் யாருக்கும் உறைக்காது, 5 வீதம் என்று வையுங்கள். நேர்மையாகச் சொன்னால் 200 பேர் சங்கத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது தீர்மானத்தைத்தான். தண்டக் கட்டணம் வேலை செய்ய வருஷங்கள் எடுக்கும், உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

கட்டவே முடியாதவர்களுக்கு ஒரு சிறு நிதி வேண்டும். மொத்தக் கட்டுப்பணம் 31.9 இலட்சத்தின் மேல் 5 வீதம் சேர்த்தால் 159,500 ரூபாய். 11,600 கட்ட வழியில்லாத 13 பேரை அதைக் கொண்டு நிறுத்தி வைக்கலாம். அமெரிக்காவில் மானியம் செய்த வேலையை இங்கே அது செய்யும்.

பொலிசியின் உள்ளடக்கத்தையும் ஒரு கை பாருங்கள். ஓ.பி.டி.யும் (வெளிநோயாளர் சிகிச்சை) மூக்குக் கண்ணாடியும் இருந்தால் எடுத்துவிடுங்கள். காய்ச்சலுக்குத் தனியாரில் சனல் பண்ணிய 3,000 ரூபாய்த் துண்டுகள்தான் கிளெய்ம் எண்ணிக்கையை ஏற்றும், ஒவ்வொன்றுக்கும் நிர்வாகச் செலவும் சேரும், எல்லோரும் கட்டியதை எடுத்துவிட வேண்டும் என்று வருஷக் கடைசியில் கண்ணாடி மாற்றுவார்கள். அதற்குப் பதிலாக அரச வைத்தியசாலையில் தங்கினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பணத்தைக் கூட்டிக் கேளுங்கள். திருகோணமலையில் பெரிய வருத்தம் பெரும்பாலும் மாவட்டப் பொது வைத்தியசாலையில்தான் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 3,000 என்றால் ஏழு நாள் படுக்கைக்கு 21,000. படகு ஓடாத நாட்களுக்கு அது சம்பளம். கம்பனியின் பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் எந்தெந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். பட்டியல் முழுவதும் கொழும்பும் கண்டியுமாக இருந்தால், இங்கே முதலில் கைக்காசைக் கட்டிப் பிறகுதான் கிளெய்ம் பண்ண முடியும். இரவோடிரவாக ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் அந்தக் கைக்காசு எங்கிருந்து வரும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம் என்பதால் அம்பியூலன்ஸ் நன்மைக்காக மேலதிகம் கட்டத் தேவையில்லை.

கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு இரண்டு காரணம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, படிவத்தில் பிறஷரையும் சீனியையும் மறைப்பது. கிளினிக் கொப்பியில் எல்லாம் திகதியோடு இருக்கிறது, கம்பனி அதைக் கேட்டு வாங்கும். முகவர் "இதை எழுத வேண்டாம்" என்று சொன்னால் அவரை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார். மற்றது, தாள் குறைவது: நோய் நிர்ணய அட்டை, மூலப் பற்றுச்சீட்டு, மருந்துத் துண்டு, பரிசோதனை அறிக்கை. அரச வைத்தியசாலையில் துண்டு வெட்டும்போதே நோய் நிர்ணய அட்டையில் அனுமதித்த திகதியும் வெளியேறிய திகதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிறகு போய் எடுப்பது ஒரு நாள் கூலி. சங்கத்தில் ஒருவரை இதற்கென்று நியமித்தால் மறுப்புக் குறையும். மறுப்பு நியாயமில்லை என்று பட்டால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அதிலும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். இரண்டுக்கும் எழுத்தில்தான் போக வேண்டும்.

"கம்பனியே வேண்டாம், நாங்களே நிதி வைப்போம்" என்று யாராவது எழும்புவார்கள். 200 பேருக்குள் ஒரு பைபாஸ் சத்திரசிகிச்சை வந்தால் தனியாரில் பத்து இலட்சத்தைத் தாண்டும். இரண்டு வந்தால் நிதி முடிந்தது. அதோடு, இத்தனை ரூபாய் கட்டினால் இத்தனை இலட்சம் தருவோம் என்று வாக்குக் கொடுப்பது காப்புறுதி வணிகம். 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டப்படி பதிவில்லாமல் அதைச் செய்ய முடியாது. நோயில் படுத்த அங்கத்தவருக்கு நிர்வாகக் குழு விரும்பிக் கொடுக்கும் சிறு உதவித் தொகையோடு நில்லுங்கள்.

பெரிய விடுதிகளில் வேலை செய்யும் அங்கத்தவர்களுக்கு முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.ரி.எஃப்.) 3 வீதம் கட்டுகிறாரா என்றும் பாருங்கள். கட்டினால் இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு அந்த நிதியத்தில் உதவி உண்டு. அது அங்கத்துவம் நடப்பில் இருந்தால்தான், வேலையை விட்டபின் கேட்க முடியாது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக உங்கள் சொந்தக் கேள்வி. மனைவியின் அக்ரஹாரவில் கணவனும் பிள்ளைகளும் உள்ளடங்குவார்கள், ஆகவே யாப்புப்படி நீங்கள் விலக்குக் கேட்கலாம். கேட்பதா இல்லையா என்பதற்கு அக்ரஹாரவில் உங்கள் குடும்பத்துக்குள்ள ஆண்டு உச்சத் தொகையைப் பாருங்கள். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப்பணம் எடுக்க முடியாது, ஆனால் ஓரிடத்தில் உச்சத்தைத் தொட்டபின் மிச்சத்தை மற்ற இடத்தில் கேட்கலாம். அதற்கு மூலப் பற்றுச்சீட்டுகளை முதல் இடத்தில் ஒப்படைக்க முன் பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வாங்கி, அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரும் படுக்கைப் பணம் பில்லைப் பொறுத்ததல்ல, இரண்டு பொலிசியிலும் அந்த நன்மை இருந்தால் இரண்டிலும் எடுக்கலாம். செயலாளரே விலக்குக் கேட்டால் பெடியளும் கேட்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.